கிங்கை வழியனுப்பிய குடும்பம்

1968 ஏப்ரல் 4, மாலை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் லொரேன் விடுதியின் வாசலில் ஒரு வெள்ளை காடிலாக் கார் காத்திருந்தது. மாடியில் நின்ற மார்ட்டின் லூதர் கிங்கைப் பார்த்து, குளிராக இருக்கிறது, மேல்கோட்டு போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார் ஓட்டுநர் சாலமன் ஜோன்ஸ். சரி என்றார் கிங். சற்று நேரத்தில் துப்பாக்கி வெடித்தது.

அந்தக் காரையும் ஓட்டுநரையும் கொடுத்திருந்தது 'ஆர்.எஸ். லூயிஸ் அண்ட் சன்ஸ்' என்னும் இறுதிச்சடங்கு நிலையம். 1914-இல் ராபர்ட் லூயிஸ் என்ற கறுப்பினத்தவர் தொடங்கியது. இறந்தவரைக் குளிப்பாட்டி, உடல் கெடாமல் மருந்தேற்றி, உடுத்தி, பெட்டியில் வைத்துக் கல்லறை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அங்கே ஒரு தொழில். அன்றைய தென்மாநிலங்களில் பள்ளியிலும் பேருந்திலும் இருந்த நிறப் பிரிவினை சாவிலும் இருந்தது. வெள்ளையர் நிலையங்கள் பல, கறுப்பரின் உடலைத் தொட மறுத்தன, ஏற்றாலும் பின்வாசல்தான். ஆகவே ஊருக்கு ஊர் கறுப்புக் குடும்பங்கள் இத்தொழிலைத் தாமே நடத்தின. ஆம்புலன்ஸ் ஏற்ற மறுத்த கறுப்பு நோயாளியை இவர்களுடைய அமரர் ஊர்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது.

சாவு வேலையைச் சாதியின் பெயரால் நம் தலையில் கட்டி, கூலியையும் மரியாதையையும் மறுத்த ஊர்க்காரர்கள் நாம். அங்கே கட்டடமும் வண்டியும் வருமானமும் அந்தக் குடும்பத்துடையவை. போராட்டத்தில் சேர்ந்த ஆசிரியரையும் வீட்டு வேலைக்காரரையும் வெள்ளை முதலாளி வேலையை விட்டு நீக்கினான். லூயிஸை யார் நீக்க முடியும்? வாடிக்கையாளர்கள் கறுப்பர்கள். அந்தத் தெம்பில் அவர் 'மெம்பிஸ் ரெட் சாக்ஸ்' என்ற கறுப்பர் பேஸ்பால் அணியை நடத்தினார். 1923-இல் அதற்கு மைதானமும் கட்டினார்.

அடுத்த தலைமுறையில் மகன்கள் ராபர்ட்டும் கிளாரன்ஸும். 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்குக் குப்பை லாரியின் பின்பகுதியில் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தூய்மைப் பணியாளர்கள் அதன் எந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையைச் சுமந்து நடந்தார்கள். குப்பை அள்ளியவர்களுக்காகத்தான் கிங் மெம்பிஸுக்கு வந்தார். லூயிஸ் குடும்பம் அவருக்குக் கார் கொடுத்தது.

அன்றிரவு அதே குடும்பத்திடம் அவருடைய உடல் வந்தது. தோட்டா தாடையைச் சிதைத்திருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு அவர்கள் அறிந்த முகத்தைத் திருப்பித் தர, சகோதரர்கள் இரவெல்லாம் வேலை செய்தார்கள். மறுநாள் காலை திறந்த பெட்டியைக் கடந்து மக்கள் அழுதபடி வரிசையில் சென்றார்கள். பிறகு உடல் அவர் பிறந்த அட்லாண்டாவுக்குப் புறப்பட்டது.

ஏப்ரல் 16-இல் நகர நிர்வாகம் தொழிலாளர் சங்கத்தை ஏற்று, கூலி உயர்வுக்கும் சம்மதித்தது.