வேலூர் ஆய்வுக்கூடங்கள் – 6: மஞ்சளான ஆறு குழிகள்

1986 பிப்ரவரியில் சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்த ஒரு தம்பதி காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) போனார்கள். கையில் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம். மனைவி நிர்மலா, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. பாலியல் தொழிலில் இருந்த 80 பெண்களிடம் ரத்தம் வாங்கி, பிரித்த சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தியிருந்தார். எய்ட்ஸ் நம் நாட்டில் உண்டா என்று தேடும் இந்த ஆய்வைச் செய்யச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன்.

சுனிதி பிறந்தது சென்னையில் வாழ்ந்த மராத்தியக் குடும்பத்தில். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பிழைக்கும் அதே தோல் வியாபாரம்தான் அவர்களுக்கும். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஒருவர்தான் பெண். எய்ட்ஸ் நம் ஊருக்கு வராது என்று பெரிய டாக்டர்களே நம்பிய காலத்தில், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வோமே என்று கிளம்பியவர்.

சென்னையில் அப்போது இதற்கான எலிசா சோதனை வசதி இல்லை. சி.எம்.சி.யின் வைராலஜி பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். எலிசா தட்டின் சிறு குழிகளில் எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸின் புரதம் பூசியிருக்கும். அதில் சீரத்தை விடுவார்கள். அந்த வைரஸை உடம்பு ஏற்கெனவே சந்தித்திருந்தால், அதை எதிர்க்க உருவான ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. அடுத்து அந்த ஆன்டிபாடியோடு ஒட்டும் என்சைம், கடைசியில் என்சைம் பட்டால் நிறம் காட்டும் கரைசல். ஆன்டிபாடி இருந்த குழி மட்டும் மஞ்சளாகும். அன்று ஆறு குழிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கான முதல் சான்று அது. புதிதாக எடுத்த ரத்தத்தை அமெரிக்காவில் சோதித்தபோதும் அதே முடிவுதான் வந்தது. மே மாதம் தமிழக சுகாதார அமைச்சர் ஹண்டே இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

எல்லோரும் கதையை இத்தோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பெண்களை விட்டுவிட்டுப் போக மனமில்லை. தொற்று இருப்பது தெரிந்த பெண்களை, அவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த அரசுக் காப்பகத்திலிருந்து வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகு, 1990-இல்தான் விடிவு கிடைத்தது. அவர்கள் ரத்தத்தால் நாட்டுக்கே எச்சரிக்கை கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்ததோ பூட்டிய கதவு. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முடிவைச் சொல்லிவிட்டு நோயாளியைக் கைவிடுவதில் அர்த்தமில்லை என்பதைச் சுனிதி தன் வேலையிலேயே காட்டினார். 1993-இல் தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். பிற இடங்களில் தொடவே தயங்கிய நோயாளிகளை அங்கே உட்காரவைத்துப் பேசினார்கள். அவர்களோடு பழக வேண்டாம் என்று தன்னிடம் சொன்ன கணவர், இதய அறுவை நிபுணர் விக்டர் சாலமனிடம், அவர்கள் கதையை ஒருமுறை கேளுங்கள் என்பாராம். தொற்றோடு வாழ்பவர்களுக்குள் வரன் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார். 2015-இல் மறைந்தார், பத்மஸ்ரீ 2017-இல்தான் வந்தது. நிர்மலா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றார். அவர் பெயரைப் பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும்.

(அடுத்த வாரம்: ககன்தீப் காங்கும் ரோட்டா வைரஸும்)