'பேசாம படுத்துக்கோங்க பாட்டி' வேண்டாம்... வாக்கரைக் கையில் கொடுங்கள்!

பாத்ரூமில் வழுக்கியது, வாசல்படி தடுக்கியது, இருட்டில் ஆட்டுக் கயிறு காலில் சிக்கியது... வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிய இதில் ஏதாவது ஒன்று போதும். எலும்பு பலமிழந்த வயதில் பெரிய விபத்தெல்லாம் தேவையில்லை. நின்ற இடத்தில் விழுந்தாலே முறிந்துவிடும்.

விளாத்திகுளம் வட்டாரம் கரிசல் பூமி. மிளகாய், பருத்தி, கம்பு என மானாவாரி விவசாயம் நடக்கும் ஊர்கள். அறுபது, எழுபது வயதிலும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே உண்டு. அப்படி ஒருவர் இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால், 'இனி அவ்வளவுதான், படுத்த படுக்கைதான்' என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. அது உண்மையல்ல. ஆனால், வீட்டில் உள்ளவர்கள் அதை நம்பிவிட்டால் உண்மையாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

மறுநாளே ஏன் நிற்க வைக்கிறார்கள்?

'நேற்றுதான் ஆபரேஷன். இன்றைக்கே நடக்கச் சொல்கிறார்களே' என்று பல குடும்பங்கள் பதறும். காரணம் இருக்கிறது. படுத்தே கிடந்தால் தசைகள் வேகமாக மெலியும், நெஞ்சில் சளி கட்டும், முதுகில் படுக்கைப் புண் வரும், கால் நரம்பில் ரத்தம் உறையும். எனவேதான் பெரும்பாலானவர்களை அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைக்கிறார்கள்.

ஆபரேஷன் செய்த காலில் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மூட்டை மாற்றியவருக்கு ஒரு கணக்கு. எலும்பைக் கம்பியோ பிளேட்டோ வைத்து இணைத்தவருக்கு வேறு கணக்கு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே, 'முழு எடை கொடுக்கலாமா, பாதியா, பாதம் மட்டும் தொடலாமா?' என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாக்கர் முதலில்... கால் பிறகு!

நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் வாக்கரின் கைப்பிடி வர வேண்டும். நடக்கும் வரிசை இதுதான்: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், கடைசியாக நல்ல கால். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, அது சாய்ந்துவிடும். நாற்காலியின் கைகளை அழுத்தி எழுந்து, பிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது பலரும் தப்பு செய்கிறார்கள். வலது இடுப்பில் ஆபரேஷன் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இடுப்பின் மேல் விழும் சுமை குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். பக்கத்தில் கைப்பிடி இல்லாத படியில், துணைக்கு ஆள் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

கரிசல் மண் ஜாக்கிரதை

ஆஸ்பத்திரியின் டைல்ஸ் தரையில் பழகிய வாக்கர், ஊரின் தெருவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கரிசல் மண் வாக்கரின் நான்கு கால்களிலும் அப்பிக்கொள்ளும். கோடையிலோ தரை வெடித்து, தடியின் முனை வெடிப்பில் இறங்கிவிடும். அதனால் முதல் சில வாரங்கள் சிமென்ட் தரையில் மட்டும் நடப்பது நல்லது. தடி, வாக்கரின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வெளியே போய்வந்ததும் மண்ணைத் துடைத்துவிடுங்கள்.

தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, குத்தவைத்துக் கழிப்பறை போவது, சம்மணம் போடுவது எல்லாம் நமக்குப் பிறவிப் பழக்கம். செயற்கை மூட்டு பொருத்தியவர்களுக்கு டாக்டர் அனுமதிக்கும் வரை இவை கூடாது, மூட்டு நழுவிவிடலாம். உயரமான நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது அதற்கான ஸ்டூல், பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி, ராத்திரிக்கு ஒரு சிறு விளக்கு... இவற்றை அவர் வீடு வரும் முன்பே தயார் செய்துவிடுங்கள்.

95 வயதிலும் முடிந்தது

நவீன இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு வழி போட்டவர் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி; ஆண்டு 1962. ராணி எலிசபெத்தின் தாயாருக்கு 1995-ல் ஓர் இடுப்பு மூட்டை மாற்றியபோது வயது 95. கீழே விழுந்து அடுத்த இடுப்பும் முறிய, 97 வயதில் அதையும் மாற்றினார்கள். பிறகும் தடி ஊன்றி நடந்தார். டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே 2019 ஜனவரியில் இடுப்பில் உலோக மூட்டு பொருத்திக்கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் கோப்பை வென்றார். அவர்களுக்கு வசதி இருந்தது, நமக்கு எங்கே என்று கேட்கலாம். நம் ஊரிலும் உதவிகள் உண்டு.

உதவி எங்கே?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். 60 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா' திட்டத்தில் வாக்கர், கைத்தடி, சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள். முதியோர் உதவி எண் 14567. மருத்துவ ஆலோசனைக்கு 104.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், தையலில் சீழ் வடிந்தால், காய்ச்சல் அடித்தால், கால் குட்டையானதுபோலத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு திணறினால் உடனே 108.

மற்றபடி, பயம்தான் பெரிய தடை. ஒருமுறை விழுந்தவருக்கு அடுத்த அடி எடுக்கவே நடுக்கமாக இருக்கும். 'நடங்க, நடங்க' என்று அதட்டினால் அது போகாது. இந்த வாரம் நிலைப்படி வரை, அடுத்த வாரம் திண்ணை வரை, அதற்கடுத்து பக்கத்து வீடு வரை என்று தூரம் குறித்துக்கொள்ளுங்கள். காபியைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்காமல், அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டு, 'இங்கே வந்து குடிங்க பாட்டி' என்று கூப்பிடுங்கள். அவர் நடந்து வரும்போது பேரப்பிள்ளை ஒருவர் கூடவே வரட்டும்!