ஃபர்ஸ்ட் பிளட் (1982 திரைப்படம்)

ஃபர்ஸ்ட் பிளட் என்பது 1982 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் வெளியான ஆங்கில மொழி அதிரடித் திரைப்படம் ஆகும். டெட் கோட்செஃப் இயக்கிய இப்படத்தில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஜான் ராம்போ என்ற சிறப்புப் படை வீரராக சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்துள்ளார். பிரையன் டென்னகி, ரிச்சர்ட் கிரென்னா ஆகியோர் பிற முக்கிய வேடங்களில் நடித்தனர். டேவிட் மோரல் 1972 இல் எழுதிய இதே பெயருடைய புதினத்தைத் தழுவி எடுக்கப்பட்ட இது, ராம்போ வரிசையின் முதல் படமாகும்.

"ராம்போ" என்றால் எந்திரத் துப்பாக்கியால் எதிரிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்ப்பவன் என்று பின்னாளில் பொருள் வந்துவிட்டது. ஆனால் இந்த முதற்படத்தில் ஐயமின்றி இறந்துபோகிறவர் ஒருவர் மட்டுமே. அவரையும் கொல்லும் எண்ணம் ராம்போவுக்கு இருந்ததில்லை.

புதினம்

கனடாவில் பிறந்த மோரல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது போரிலிருந்து திரும்பிய மாணவர்களைச் சந்தித்தார். தொலைக்காட்சிச் செய்தியில் வியட்நாம் சண்டையும் அமெரிக்க நகரங்களின் கலவரமும் அடுத்தடுத்து வந்ததைக் கண்டு, போர் சொந்த மண்ணுக்கே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணியதே கதைக்கு வித்தானது. நாயகனின் பெயர் இரண்டு இடங்களிலிருந்து வந்தது: ஒன்று, அவருடைய மனைவி வாங்கிவந்த ராம்போ என்ற ஆப்பிள் வகை, மற்றொன்று, அப்போது அவர் படித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரம்போ. "ஜான்" என்ற முதற்பெயர் புதினத்தில் இல்லை, படத்தில் சேர்க்கப்பட்டது.

புதினத்தின் ராம்போ பலரைக் கொல்கிறான். இறுதியில் அவனை உருவாக்கிய படைப்பிரிவின் அதிகாரியான டிராட்மனின் கையாலேயே சாகிறான். டிராட்மனின் பெயர் சாம். அமெரிக்க அரசைக் குறிக்கும் "அங்கிள் சாம்" என்ற வழக்கை மனத்தில் வைத்தே அப்பெயரைத் தேர்ந்ததாக மோரல் கூறியுள்ளார்.

கதைச்சுருக்கம்

தன்னுடன் போரிட்ட நண்பனைத் தேடிச் செல்லும் ராம்போ, அவன் போரில் தெளிக்கப்பட்ட இரசாயனத்தால் புற்றுநோய் வந்து இறந்துவிட்டதை அறிகிறான். பின்பு ஹோப் என்ற சிற்றூருக்குள் நடந்து வருகிறான். நீண்ட முடியும் படைச் சட்டையுமாக வந்தவனைப் பிடிக்காத ஷெரிஃப் டீசில், அவனை வண்டியில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிடுகிறார். ராம்போ திரும்பி நடக்கிறான். அவன் செய்த "குற்றம்" இவ்வளவுதான்.

காவல் நிலையத்தில் அவனை அடித்துக் குழாய்நீரைப் பீய்ச்சுகிறார்கள். சவரக்கத்தியை முகத்தருகே கொண்டு வரும்போது, வியட்நாமில் சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்த நினைவு மேலெழ, காவலர்களைத் தாக்கிவிட்டுக் காட்டுக்குள் தப்புகிறான். ஹெலிகாப்டரிலிருந்து அவனைச் சுடும் கால்ட் என்ற காவலர், ராம்போ எறிந்த கல்லால் ஹெலிகாப்டர் தடுமாற, கீழே விழுந்து இறக்கிறார். துரத்தி வரும் மற்றக் காவலர்களை ராம்போ ஒவ்வொருவராகக் காயப்படுத்துகிறான். டீசிலின் கழுத்தில் கத்தியை வைத்தும், விலகிப் போகும்படி எச்சரித்துவிட்டு விடுகிறான். முதலில் இரத்தம் சிந்தவைத்தது அவர்களே என்று பின்னர் வானொலிக் கருவியில் டிராட்மனிடம் சொல்கிறான். படத்தின் தலைப்பை நினைவூட்டும் சொற்கள் இவை.

ஊரைத் தாக்கிய பின், இறுதிக் காட்சியில் டிராட்மன் முன் அவன் உடைந்து அழுகிறான். போரில் பல இலட்சம் டாலர் பெறும் கருவிகளை நம்பி ஒப்படைத்தவர்கள், ஊரில் கார் நிறுத்தும் வேலைகூடத் தரவில்லை என்கிறான். சண்டைக் காட்சிகளைவிட இந்தச் சில நிமிடங்களே படத்தின் உயிர். ஸ்டலோனின் நடிப்பைக் குறை கூறுவோரும் இக்காட்சியைப் பார்க்க வேண்டும்.

முடிவு மாறிய விதம்

புதினத்தின் திரைப்பட உரிமை பத்தாண்டுகள் கைமாறி, பல திரைக்கதைகள் எழுதப்பட்ட பின்னரே படம் உருவானது. திரைக்கதையை மைக்கேல் கோசோல், வில்லியம் சாக்கைம், ஸ்டலோன் ஆகியோர் எழுதினர். இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். படப்பிடிப்பு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஹோப் என்றே பெயர் கொண்ட ஊரில் நடந்தது.

டிராட்மனாக முதலில் ஒப்பந்தமானவர் கர்க் டக்ளஸ். புதினத்தில் உள்ளபடி ராம்போ சாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கருத்து வேறுபாட்டால் விலக, கிரென்னா வந்தார். ஆயினும் ராம்போ இறக்கும் முடிவும் படமாக்கப்பட்டது. அதில் அவன் டிராட்மனின் கையிலுள்ள துப்பாக்கியைப் பற்றி இழுத்துத் தன்னையே சுடவைக்கிறான். முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் இதை ஏற்கவில்லை. எனவே அவன் சரணடையும் முடிவுடன் படம் வெளியானது.

ஏறத்தாழ 1.5 கோடி டாலர் செலவில் உருவான படம் உலகளவில் சுமார் 12.5 கோடி டாலர் வசூலித்தது. நாயகன் பிழைத்ததால் தொடர்ச்சி எடுக்க வழி பிறந்தது. 1985 இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் அரசின் வேண்டுகோளை ஏற்று மீண்டும் வியட்நாம் சென்று எதிரிகளைக் கொன்று குவித்தான். அன்றைய அதிபர் ரேகன் அப்படத்தை மேடையிலேயே குறிப்பிட்டார். நாடு கைவிட்ட வீரன் இவ்வாறு நாட்டின் வலிமைக்குச் சின்னமானான். 1988, 2008, 2019 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ச்சிகள் வந்தன. கைவிடப்பட்ட மரணக் காட்சியின் ஒரு துண்டு, 2008 படத்தில் ராம்போ காணும் கெட்ட கனவாக இடம்பெற்றுள்ளது.