கறவை மாட்டுக்கு மரு: எப்போது அறுத்து எடுக்கலாம்?

கன்று ஈன்று இரண்டு மாதமே ஆன மாடு. கறக்க உட்கார்ந்தால் உதைக்கிறது. பார்த்தால் காம்பில் கொத்தாக மரு. கை பட்டதும் கிழிந்து இரத்தம் கசிகிறது. பாலை முழுதாகக் கறக்க முடியாமல் மடி கட்டிக்கொள்கிறது. "இனி இது தேறாது" என்று தரகர் சொல்ல, கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒற்றை மாட்டின் பாலை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது பெரிய நஷ்டம். பெரும்பாலும் தேவையில்லாத நஷ்டமும்கூட. மருவுக்காக மாட்டை விற்க வேண்டியதில்லை. எதை விட்டுவைப்பது, எதை எப்போது எடுப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

மரு ஏன் வருகிறது?

பாலுண்ணி என்றும் சொல்லப்படும் இந்த மரு, ஒருவகை வைரஸ் கிருமியால் வருவது. இரண்டு வயதுக்கு உட்பட்ட கன்றுகளையும் கிடேரிகளையும் அதிகம் பிடிக்கும். தலை, கழுத்து, தோள், மடி ஆகிய இடங்களில் காணப்படும். தோலில் உள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி நுழைகிறது. முள்வேலி, மூக்கணாங்கயிறு குத்தும் ஊசி, காதுவில்லை போடும் இடுக்கி, கறப்பவர் கை ஆகியவை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு அதைக் கொண்டுபோகின்றன. தொற்றிய இரண்டு மாதம் அல்லது அதற்கும் மேல் கழித்தே மரு கண்ணுக்குத் தெரியும். மாட்டின் மரு மனிதருக்குத் தொற்றுவதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

காத்திருப்பது எப்போது நல்லது?

கன்றுகளின் உடம்பில் சிதறலாகத் தோன்றும் மருக்கள் பெரும்பாலும் சில மாதங்களில், அதிகம் போனால் ஓராண்டுக்குள், தாமாகவே உதிர்ந்துவிடும். தீனி நன்றாகத் தின்று, கன்று சுறுசுறுப்பாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். இதில் இன்னொன்றும் உண்டு. மரு வளர்ந்துகொண்டிருக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே அறுத்தால், அது திரும்ப முளைக்கவும் மேலும் வேகமாக வளரவும் வாய்ப்புண்டு. வளர்ச்சி நின்று, மரு வாடத் தொடங்கும்போது எடுப்பதே ஏற்றது. காம்பில் அரிசி மணி போல் தட்டையாக ஒட்டியிருக்கும் சிறு மருக்கள் எளிதில் உதிர்வதில்லை. கறவைக்கு இடைஞ்சல் இல்லையென்றால் அவற்றைத் தொடாமல் விடலாம்.

அறுவை எப்போது தேவை?

காம்பின் நுனியை மரு அடைத்தால், கறக்கும்போது கிழிந்து இரத்தம் வந்தால், கண்ணை மறைத்தால், நுகத்தடியோ கயிறோ உராய்ந்து புண்ணாகி ஈ மொய்த்தால், மருவை எடுத்துவிடுவதே நல்லது. காம்பிலுள்ள மருவை மாடு பால் வற்றிய காலத்தில் எடுத்தால் புண் ஆறுவது சுலபம். மடிநோய் வரும் ஆபத்தும் குறைவு.

கால்நடை மருத்துவர் மாட்டை அசையாமல் கட்டி, மருவைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார். காம்பு போல் ஒல்லியான அடியுள்ள மருவானால், அடியில் நூலால் இறுகக் கட்டிவிடுவதும் உண்டு. இரத்த ஓட்டம் நின்று சில நாட்களில் அது காய்ந்து விழும். அடி அகன்ற மருவைத் தோலோடு சேர்த்து அறுத்து எடுத்து, இரத்தக் குழாயைக் கட்டித் தையல் போடுவார். பத்து முதல் பதினான்கு நாளில் தையலைப் பிரிக்கலாம்.

மரு நிறைய இருந்தால், அறுத்தெடுத்த திசுவிலிருந்தே தடுப்பூசி மருந்து தயாரித்து அந்த மந்தைக்குப் போடும் முறையும் உண்டு. இதற்கு வசதி உண்டா என்று மருத்துவரையே கேளுங்கள். தேவைப்படாத மருவை எரித்துவிடுங்கள், அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

சவர பிளேடால் நீங்களே அறுக்காதீர்கள். இரத்தம் நிற்காமல் போகலாம். கிருமியும் மற்ற இடங்களுக்குப் பரவும். எருக்கம்பால், சுண்ணாம்பு ஆகியவற்றைக் காம்பில் தடவினால் தோல் வெந்து, காம்பே கெட்டுவிடலாம். கண்ணருகே தடவினால் பார்வை போகும்.

அறுவைக்குப் பின்

கொட்டிலை ஈரமில்லாமல் வையுங்கள். புண்ணில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். மருத்துவர் தரும் மருந்தைத் தவறாமல் போடுங்கள். மருவுள்ள மாட்டைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசி மருந்து போட்டிருந்தால், மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்ற வேண்டாம்.

எல்லாக் கட்டியும் மரு அல்ல

காய்ச்சலோடு உடம்பெங்கும் திடீரென்று உருண்டையான கட்டிகள் கிளம்பினால் அது தோல் கழலை நோயாக இருக்கலாம். 2019-ல் இந்தியாவுக்கு வந்து, 2022-ல் பல மாநிலங்களில் மாடுகளைப் பலிவாங்கிய நோய் இது. மாட்டை உடனே தனியே கட்டுங்கள். வயதான மாட்டின் கண்ணிலோ கொம்படியிலோ வளரும் சதை புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். இத்தகைய கட்டிகளைத் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். மாட்டை நடத்திக்கொண்டு போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியை அழைக்கலாம்.

மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதற்கு முன் ஒருமுறை மருந்தகத்துக்கு ஓட்டிப் பாருங்கள். மரு போன பின் அதே மாடு பல ஈற்றுகளுக்குப் பால் தரும்.