உங்களுக்குத் தெரியுமா? – ஒரே பள்ளம், 500 நொதிகள்

மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட புரதக் கைனேஸ் நொதிகள் உண்டு. பெரும்பாலானவை ஏடிபி மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து ஒரு புரதத்தின் மேல் ஒட்டுகின்றன. எந்தப் புரதம் என்பதில்தான் அவை வேறுபடும். ஏடிபி அமரும் பள்ளம் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தப் பள்ளத்தை அடைக்கும் மருந்து நல்ல கைனேஸ்களையும் முடக்கிவிடாதா என்ற அச்சம் நியாயமானதே. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் அந்த அச்சத்தைப் பெருமளவு குறைத்தது. இந்த நோயைத் தூண்டும் ஏபிஎல் கைனேஸ் ஓய்ந்திருக்கும்போது இமாட்டினிப் போய்ப் பற்றிக்கொள்கிறது. வேலை செய்கையில் ஒன்றுபோல் இருக்கும் கைனேஸ்கள் ஓய்வில் பலவிதமாக மடிகின்றன.

அப்படியானால் ஓய்வு வடிவமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா? இல்லை. ஏபிஎல்லுக்கு நெருங்கிய உறவான எஸ்ஆர்சி கைனேஸும் அதே வடிவில் இமாட்டினிபைப் பிடித்திருப்பதைப் படிக ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்தப் பிடி மிகத் தளர்ந்தது. மருந்து அமர்ந்த பிறகு நொதி எப்படி அசைகிறது என்பதும் கணக்கில் வருகிறது. 'குறி தவறாத மருந்து' என்ற புகழும் சற்று மிகைதான். கிட் கைனேஸையும் அது தடுக்கிறது. அதனாலேயே 2002-இல் ஒருவகை இரைப்பை–குடல் கட்டிக்கும் மருந்தாயிற்று. ஏபிஎல்லின் 315-ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலூசினாக மாறிவிட்டாலோ இமாட்டினிப் செல்லாக்காசு. ஏடிபி மட்டும் தடையின்றி வந்து அமர்கிறது.