மெடிக்கல் ரெப் ஆகணுமா? முதலில் மருந்தைப் படியுங்கள்!

உங்கள் வீட்டில் பி.எஸ்ஸி. முடித்த பையன் இருக்கிறானா? பி.ஃபார்ம். முடித்த பெண் இருக்கிறாளா? அப்படியானால், "மெடிக்கல் ரெப் வேலைக்குப் போகட்டுமா?" என்ற கேள்வி என்றைக்காவது ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தே தீரும். அப்பா முகம் சுளிப்பார். "பையைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் நிக்கிற பொழப்பு நமக்கெதுக்கு?" என்பார். அம்மாவோ, "இவனுக்கு வாய் சாமர்த்தியம் போதாதே" என்று கவலைப்படுவார்.

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் உண்மை.

'சித்த வைத்தியருக்கு இதில் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, திருவண்ணாமலையில் வைத்தியம் பார்க்கிறவன் நான். சித்த, ஆயுர்வேதக் கம்பெனி ரெப்கள் என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறார்கள். ஆங்கில மருந்து ரெப்கள் வேறு காரணத்துக்காக வருகிறார்கள். முதுகு வலி, வயிற்றுப் புண், தூக்கமின்மை! ஆக, இந்த வேலையின் உள்ளும் புறமும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இது என்ன வேலை?

கடையில் சோப்பு விற்பதுபோல் அல்ல இது. சோப்பை வாங்குகிறவரே தேய்த்துக் குளிக்கிறார். மருந்து விஷயத்தில் எழுதுகிறவர் ஒருவர், விற்கிறவர் இன்னொருவர், காசு கொடுத்து விழுங்குகிறவர் மூன்றாமவர். ரெப் பேசுவது முதல் இரண்டு பேரிடம் மட்டும்தான். விழுங்குகிற மூன்றாமவரை அவர் பார்ப்பதே இல்லை. அந்த மூன்றாமவர் உங்கள் வீட்டுப் பாட்டியாகக்கூட இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே வருவோம்.

காலையில் மருந்துக் கடைகள், ஸ்டாக்கிஸ்ட். பகலில் ஆஸ்பத்திரி. மாலை ஆறு மணிக்கு மேல் கிளினிக்குகள். ஒரு நாளைக்குப் பத்து டாக்டர்களையாவது பார்க்கச் சொல்லும் கம்பெனிகள் அதிகம். ஒரு டாக்டர் தருவது இரண்டு நிமிடமோ, மூன்று நிமிடமோ. அதற்குள் மருந்தைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். இதற்குப் பெயர் 'டீடெய்லிங்'. ராத்திரி வீட்டுக்கு வந்து, யார் யாரைப் பார்த்தோம் என்று செல்போனில் ரிப்போர்ட் போட வேண்டும்.

எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரெப்புக்குத் திருவண்ணாமலை நகரம் மட்டும் என்று விடமாட்டார்கள். ஆரணி, போளூர், செங்கம், செய்யாறு, வந்தவாசி என்று சேர்த்துக் கொடுப்பார்கள். மாதாமாதம் டூர் புரோகிராம் எழுதும்போது பக்கத்தில் பஞ்சாங்கமும் இருக்கணும்! பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கார்த்திகை தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். அன்றைக்குப் போய் டவுனில் டாக்டரைப் பார்க்கிறேன் என்று எழுதினால், அந்த ரெப்புக்குத் தன் ஊரே தெரியவில்லை என்று அர்த்தம்.

டார்கெட் என்கிற பூதம்

மாதக் கடைசியில் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். பயப்படாமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வாங்க.

ஒரு மாத்திரை அட்டை ஸ்டாக்கிஸ்டுக்கு 60 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைப்போம். தினமும் ஒன்று சாப்பிட வேண்டிய மாத்திரை. ஒரு நோயாளிக்கு மாதம் மூன்று அட்டை, 180 ரூபாய். ஒரு டாக்டர் தினம் ஒரு புது நோயாளிக்கு எழுதினால், 25 வேலை நாளில் 4,500 ரூபாய். இப்படி 20 டாக்டர்கள் எழுதினால் 90,000 ரூபாய். அதே நோயாளிகள் அடுத்த மாதமும் அதையே வாங்கினால் விற்பனை தானாக ஏறும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 'அடுத்த மாதமும் வாங்கினால்' என்றேனே, அது எப்போது நடக்கும்? சரியான நோயாளிக்குச் சரியான மருந்து போயிருந்தால் மட்டுமே! ஒத்துக்கொள்ளாதவருக்குப் போன மருந்து முதல் அட்டையோடு நின்றுவிடும். டாக்டரும் அந்த ரெப்பை இன்னொரு முறை நம்பமாட்டார்.

வாயா, விஷயமா?

'வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது இந்தத் தொழிலுக்கு முழுசாகப் பொருந்தாது. டாக்டர் ஐந்தரை வருடம் படித்தவர். அவர் முன்னால் அடுக்குமொழி எடுபடாது. எதிரே இருக்கிற ரெப், "சார், இந்த மருந்தை இன்னாருக்குக் கொடுக்க வேண்டாம்" என்று தானே முன்வந்து சொன்னால், அப்போதுதான் டாக்டர் நிமிர்ந்து பார்க்கிறார்.

மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கலாம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு உலகம் முழுக்க முதலில் எழுதப்படும் மருந்துகளில் ஒன்று. ஈரலில் சர்க்கரை உற்பத்தியாவதைக் குறைக்கிறது. சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 வைட்டமின் குறையலாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கூடாது. இந்த ஆறு விஷயத்தையும் பார்க்காமல் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்தால் உங்கள் பிள்ளை இன்டர்வியூவுக்குத் தயார் என்று அர்த்தம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச் 12 அன்று மருந்து விற்பனைக்கான நடத்தை விதிகளை வெளியிட்டது. அதன்படி, ஒரு மருந்தை வெறுமனே 'பாதுகாப்பானது' என்று சொல்லக்கூடாது. 'பக்க விளைவே இல்லை' என்று அடித்துச் சொல்லக்கூடாது. நாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் விற்பனையில் இருக்கும் மருந்தைப் 'புதுசு' என்று சொல்லக்கூடாது. டாக்டருக்கோ அவர் குடும்பத்துக்கோ பரிசுப் பொருள் கொடுக்கக்கூடாது. இலவச சாம்பிளுக்கும் அளவு உண்டு. ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில் வருஷத்துக்கு 12 பாக்கெட்டுக்கு மேல் கூடாது.

பரிசு கொடுத்தே வியாபாரம் பண்ணிய காலம் ஒன்று இருந்தது. சென்னைக் கம்பெனியான அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்பது தீர்ப்பு. அந்தச் செலவெல்லாம் கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்றும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

ஒரு சொல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை விற்பனைக்கு வந்தது. அபின் வகையைச் சேர்ந்தது. 'மற்ற வலி மாத்திரைகளைவிட இது அடிமைப்படுத்தும் குணம் குறைவானது' என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். டாக்டர்கள் நம்பி எழுதினார்கள். ஜனங்கள் அடிமையானார்கள். உயிர்களும் போயின. 2007-ல் பர்டியூ நிறுவனம் தவறான தகவல் சொல்லி விற்றதாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலர் அளவுக்குக் கட்ட வேண்டி வந்தது.

விஷயத்தைக் கவனித்தீர்களா? மருந்தைத் தயாரித்தது தொழிற்சாலை. ஆனால் அந்தப் பொய்யைக் கிளினிக் கிளினிக்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ரெப்கள். உங்கள் பிள்ளை நாளைக்குச் செய்யப்போகிற அதே வேலை!

வேலையில் சேர என்ன வழி?

1. படிப்பு: பி.ஃபார்ம். இருந்தால் நல்லது. பி.எஸ்ஸி. போதும் என்கிற கம்பெனிகளும் நிறைய. ஆங்கிலம் பிழையில்லாமல் பேசப் பழகட்டும். டூவீலர் லைசென்ஸ் அவசியம்.

2. மருந்துக் கடைதான் முதல் கல்லூரி: தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாதம் மாலை நேரத்தில் நிற்கச் சொல்லுங்கள். எந்தச் சீட்டில் எது வருகிறது, எது நகராமல் தூங்குகிறது, காலாவதி மருந்து எப்படித் திரும்பிப் போகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அங்கு வந்து போகிற ரெப்களே, "எங்க கம்பெனியில் ஆள் எடுக்கிறாங்க" என்று சொல்லவும் செய்வார்கள்.

3. ஐந்து மருந்து நோட்டு: சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிறு, வலி, ஆன்டிபயாடிக். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. எதற்கு, எவ்வளவு, எப்போது, யாருக்குக் கூடாது, பக்க விளைவு என்ன, போட்டிக் கம்பெனி விலை என்ன... எல்லாம் எழுதி மனதில் ஏற்றட்டும்.

4. வேலைக்குப் பணம் கட்டாதீங்க: 'டெபாசிட்', 'டிரெயினிங் ஃபீஸ்' என்று யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல கம்பெனி பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் தரும்.

5. நியமனக் கடிதம்: இவர்களுக்கென்றே 1976-ல் தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது சேர்ந்துவிட்டது. நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். சம்பளம், தினப்படி, பெட்ரோல் படி, தலைமையிடம் எந்த ஊர் என்று அதில் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

6. சொந்தக் காசில் சரக்கு எடுக்காதே: டார்கெட் முடியவில்லை என்று சில இடங்களில் ரெப்பையே வாங்கச் சொல்வார்கள். ஒரு மாதம் வாங்கினால், அடுத்த மாத டார்கெட் அதற்கும் மேல் நிற்கும். கடன்தான் மிச்சம். பிள்ளை திடீரென்று வீட்டில் பணம் கேட்டால் பெற்றோர் இதை விசாரியுங்கள்.

பெண் பிள்ளைகளும் இந்த வேலையில் இருக்கிறார்கள். மாலைக் கிளினிக் ராத்திரி பத்து மணி வரை இழுக்கும். ஆகவே வெளியூர் நாட்கள் எத்தனை, இரவு திரும்ப என்ன வசதி என்று இன்டர்வியூவிலேயே கேட்பதில் தப்பே இல்லை.

எங்கள் சித்த மருந்துத் துறையிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் 'சர்க்கரையை அடியோடு விரட்டும்', 'புற்றுநோயைக் குணமாக்கும்' என்று விளம்பரம் செய்வது 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம். அப்படிப் பேசச் சொல்லும் கம்பெனி, மூலிகைக் கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம்!

உடம்பு ஜாக்கிரதை!

நேரம் தவறிய சாப்பாடு பித்தத்தை ஏற்றும். ஓயாத வண்டிப் பயணம் வாதத்தைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் இருபத்தைந்து வயதிலேயே நெஞ்செரிச்சல், இடுப்பு வலி.

காலையில் வயிறு நிறைய இட்லியோ கம்பங்கூழோ சாப்பிடாமல் வண்டியை எடுக்கக்கூடாது. பையில் தண்ணீரும் மோரும் இருக்கட்டும். எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் சுற்றினால் சிறுநீரகக் கல்லுக்கு வழி வைத்த மாதிரி. கிளினிக் வாசலில் எட்டாவது டீக்குப் பதில் ஃபிளாஸ்க்கில் சுக்குமல்லிக் காபி போதும். நீண்ட பயணத்தில் நடுநடுவே இறங்கி இடுப்பை நிமிர்த்துங்கள். வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். ஹெல்மெட்டைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியணுமா?

இன்னொன்று, இது வீட்டுக்காரர்களுக்கு. ரெப்பின் பையில் இருக்கும் சாம்பிள் மருந்தை, "சும்மாதானே கிடைக்குது" என்று எடுத்து விழுங்காதீர்கள். அதுவும் ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தி, பாதியில் எடுத்து... வேண்டவே வேண்டாம். சாம்பிள் டாக்டர் கைக்குப் போக வேண்டியது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வாசலில் காத்து நிற்பது கேவலம் இல்லை. நானும் காத்திருக்கிற ரெப்களைப் பார்க்கிறேன். சிலர் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். சிலர் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கு மூச்சிரைக்கிறது, யார் மாத்திரை அட்டையின் விலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று. பிற்பாடு மேனேஜராக உயர்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

அதனால் பிள்ளை கேட்டால், "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். அந்த ஐந்து மருந்து நோட்டை எழுதி வரச் சொல்லுங்கள். எழுதியதைப் பாட்டிக்குப் புரிகிற தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "இதை யாருக்குடா கொடுக்கக்கூடாது?" என்று பாட்டி கேட்கும் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வந்தால், தைரியமாக அனுப்பி வையுங்கள்!