செக் எஞ்சின் லைட் மினுக்குதா? வண்டியை ஓரங்கட்டுங்க

போன எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் கேட்டிருந்தார்: "பெட்ரோல் கார்ல செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மினுக்குது. வண்டி ஓடத்தானே செய்யுது, அப்படியே ஓட்டலாமா?"

ஓட்டாதீங்க. ஏன்னு சொல்றேன்.

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா இருக்கு. உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள் உள்ள பீங்கான் கட்டி. அதன் சுவர்களில் அலுமினா பூச்சு. அந்தப் பூச்சின் நுண்துளைகளை எல்லாம் விரித்துப் போட்டால், ஒரு கிராமுக்கே சுமார் 100 சதுர மீட்டர் பரப்பு வரும். ஒரு டூ பெட்ரூம் பிளாட்டே ஒரு சிட்டிகைப் பொடிக்குள்ள! அதன் மேல்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் சில நானோமீட்டர் துகள்களாக ஒட்டியிருக்கு. வினை நடப்பது துகளின் மேற்பரப்பில் மட்டும். உள்ளே புதைந்த அணுவுக்கு வேலையே கிடையாது.

சூடு இல்லாமல் இது உருவாகவே உருவாகாது. உலோக உப்புக் கரைசலில் நனைத்து, 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்டால்தான் உப்பு சிதைந்து உலோகம் பூச்சில் பிடிக்கும். வண்டியிலும் 250, 300 டிகிரி வந்த பிறகுதான் அது முழுசா முழிச்சுக்கும்.

ஆனா 800, 900 டிகிரியைத் தாண்டினால் கதை மாறிடும். சின்னத் துகள்களிலிருந்து அணுக்கள் கழன்று பெரிய துகள்களில் போய் ஒட்டிக்கும். பெரிசு இன்னும் பெரிசாகும், சின்னது காணாமல் போகும். துகளின் விட்டம் பத்து மடங்கானால், அதே எடை உலோகத்தின் மொத்தப் பரப்பு பத்தில் ஒரு பங்குதான். இன்னும் சூடேறினால் அலுமினாவே வேறு படிக வடிவத்துக்கு மாறி, நுண்துளைகள் இடிஞ்சு, உலோகம் உள்ளே புதைஞ்சுடும்.

லைட் மினுக்கினால், பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் மிஸ்ஃபயர்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பீங்கானே உருகி அடைச்சுக்கிட்ட வண்டிகளும் உண்டு. ஸ்பார்க் பிளக்கோடு முடிய வேண்டிய செலவு, கன்வெர்ட்டர் விலைக்குப் போயிடும்.

இதில் எனக்குப் பிடிச்ச திருப்பம் ஒண்ணு இருக்கு. 2016-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு. அலுமினாவுக்குப் பதில் சீரியம் ஆக்சைடு இருந்தால், காற்றில் 800 டிகிரிக்குச் சுட்டபோது பிளாட்டினம் திரளவில்லை. ஆவியாகிக் கிளம்பிய அணுக்களை அந்த ஆக்சைடு தனித்தனியாகப் பிடிச்சு வச்சுக்கிச்சு. ஆனா ரொம்ப இறுக்கமாப் பிடிச்சதால், குறைந்த சூட்டில் அந்த அணுக்கள் மந்தம். அதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷமே: 750 டிகிரி நீராவியில் இன்னொரு தடவை சுட்டு எடுத்தாங்க.